மாப்பிள்ளைக் கார் ஏன் நின்றது

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் இடம் பிடிக்க நின்றிருந்த ஒரு பெண், பக்கத்தில் நின்றவளிடம் எதிர்வரிசையைக் காட்டி, "அந்தா நீலச் சேலை கட்டியிருக்கால்லா, அவதான். மாப்பிள்ளைக் கார் நின்னு போச்சே, அந்தப் பொண்ணு" என்றாள்.

நீலச் சேலை கட்டியிருந்தது என் சித்தி. அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. மணியாச்சியில் குடியிருக்கிறாள். புருஷன் ரயில்வேயில் வேலை பார்க்கிறார், மகன் கல்லூரிக்குப் போகிறான். ஆனாலும் இந்த ஊருக்கு அவள் இன்னமும் 'அந்தப் பொண்ணு'தான்.

"அது பெட்ரோல் வராமத்தான் நின்னுச்சு" என்று சொல்வதற்காகக் கழுத்தைத் திருப்பினேன். ரசவாளியோடு ஒருவர் குறுக்கே வந்து நின்றார். அவர் நகர்ந்தபோது அந்தப் பெண்கள் வேறு வரிசைக்குப் போய்விட்டார்கள். பந்தியில் சொல்ல முடியாமல் போனதை முழுசாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கோவில்பட்டிக்கும் பசுவந்தனைக்கும் நடுவில் ரோட்டை ஒட்டியிருந்தது எங்கள் ஊர். என் அம்மாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட்டதால், தங்கையைக் கரையேற்றுவது தன் பொறுப்பு என்று மாமா தானாகவே தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார். சித்தி டவுனில் பருத்தி அரைக்கும் மில்லில் எடை போடும் இடத்தில் வேலை பார்த்தாள். தன்னைக் கரையேற்ற வேண்டும் என்று அவள் யாரிடமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மாமாவிடம் ஒரு மினி லாரி இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு லோடு அடிப்பார். அது சோற்றுக்கு. பெருமைக்கு ஒரு கார் வைத்திருந்தார். மதுரையில் ஏதோ மில் முதலாளி வீட்டுப் புளியமரத்தடியில் பல வருஷம் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. கதவு இரண்டே இரண்டு. மேலே கூரை கிடையாது. முன்மூக்கு நீளம். உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தது என்று யாருக்கும் தெரியாது. மூக்கில் இருந்த சின்னத்தை எவனோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். ஊரில் அதற்கு 'ரேஸ் காரு' என்று பெயர். உண்மையில் அது நடை வேகத்துக்கு மேல் ஓடியதே அபூர்வம். சுற்றுவட்டாரத்தில் எங்கே மாப்பிள்ளை அழைப்பு என்றாலும் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். மேளம் முன்னே போக, பின்சீட்டின் முதுகில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, மாமா ஆமை மாதிரி ஓட்டிக்கொண்டு வருவார். எத்தனையோ மாப்பிள்ளைகளை அந்தக் கார் மண்டப வாசலில் இறக்கிவிட்டிருக்கிறது. ஒரு தடவை கூட வழியில் நின்றதில்லை.

சித்திக்குக் குளத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்களுக்கு நிலமும் உண்டு, உப்பளத்தில் பங்கும் உண்டு. தங்கை மாப்பிள்ளை ஏறப்போகும் கார் என்று மாமா தலைகால் தெரியாமல் ஆடினார். வண்டி முழுக்கப் புதிதாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். சீட்டுக்கு வெல்வெட் உறை போட்டார். காரின் இடுப்பில் வெளியே தெரிகிற மாதிரி வட்டமாக ஒரு பெட்ரோல் மூடி இருக்கும். அது துருவேறிக் கிடக்கிறது என்று, கடையில் தங்கநிறப் பெயிண்ட் வாங்கிவந்து தன் கையாலேயே பூசினார். ஒருதரம் பூசி, காயவைத்து, மறுபடியும் பூசினார். "எப்படிட்டி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். சாமி கிரீடம் மாதிரி இருக்கிறது என்றேன்.

வைகாசி மாதம். வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் டவுனில் பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு ஊர்வலம் கிளம்பியது. நான் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் மத்தாப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேளமும் நாதஸ்வரமும் காதைப் பிளந்தன. பாதி வழியில் கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது.

ஊரில் உள்ள ஆம்பிளைகள் அத்தனை பேரும் அந்த நிமிஷமே மெக்கானிக் ஆகிவிட்டார்கள். ஒருவர் மூக்கைத் திறந்து பார்த்தார். ஒருவர் தங்க மூடியைத் திருகிக் குச்சி விட்டுப் பார்த்து, "பெட்ரோல் கழுத்து வரைக்கும் கெடக்கே" என்றார். திரும்ப மூடினார்கள். சாவியைத் திருப்பியதும் கார் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பியது. எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு என் அம்மா நின்றிருந்தாள். அவளுக்கு இரண்டு எட்டு முன்னால் கார் மறுபடி நின்றது. மாமா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கர் கர் என்றதே ஒழிய எஞ்சின் பிடிக்கவில்லை. நாலு பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். மாப்பிள்ளையோடு காரைத் தள்ளுவதைப் பார்த்துச் சின்னப் பையன்கள் ஓவென்று கத்தினார்கள். மறுபடியும் யாரோ மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பாதித் திருகலில் விட்டுப் போனார்கள். அதற்குள் மாப்பிள்ளை இறங்கி நடந்துவிட்டார்.

கார் நின்றதோடு முடிந்திருந்தால் ஒரு வேடிக்கைக் கதையாகப் போயிருக்கும். மாப்பிள்ளையின் அக்கா வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். ஊரே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க தம்பி எத்தனையோ வண்டியில ஏறியிருக்கான். எங்கயும் நின்னதில்ல. இந்தப் பொண்ணு இருக்க வாசலுக்கு வந்துல்லா நிக்குது!"

அவ்வளவுதான். கார் விஷயம் பொண்ணு விஷயமாகிவிட்டது. பெரியவர்கள் தனியாகப் போய்ப் பேசினார்கள். தாய் தகப்பனை முழுங்கினவள் என்று ஒரு குரல் கேட்டது. அது யார் குரல் என்று தேடுவதற்குள் என் அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா வெளியே வந்து, மனசு ஒப்பவில்லை, பிறகு நாள் பார்த்துச் சொல்லுகிறோம் என்று மாமாவிடம் சொன்னார். அவர்கள் வந்த வேன்களிலேயே ஏறிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை.

மணப்பெண் அறையில் சித்தி பாதி பின்னிய ஜடையோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றி இருந்த பெண்கள் அழுதார்கள், சபித்தார்கள், ஜாதகத்தைக் குறை சொன்னார்கள். சித்தி மட்டும் என்னைக் கூப்பிட்டு, "காருக்கு என்னாச்சுட்டி?" என்று கேட்டாள். அந்த மண்டபத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் மாமா காரை எடுக்கப் போனார். நானும் கூடப் போனேன். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிட்டது. ஊர் வரை ஓடியது. ஊருக்குள் இரண்டு சுற்று சுற்றியும் நிற்கவில்லை. மாமா ஸ்டியரிங்கில் குத்தினார். வேலிக்கு வேலி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், "காருல கொறை இல்ல போல" என்றார்கள். கார் நல்ல கார் என்றால் குற்றவாளி யார்? ஒரு கார் ஓடாததற்கும் ஒரு பெண்தான் காரணம், அது ஓடுவதற்கும் அந்தப் பெண் பக்கத்தில் இல்லாததுதான் காரணம்! இந்த நியாயத்தை நினைத்து அந்த வயதில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அந்தக் கோபத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கார் ஏன் நின்றது என்று கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்து அந்தக் குளத்தூர் அக்காவின் முன்னால் போட்டால், அவள் வாய் மூடிவிடும். பள்ளிக்கூடம் லீவு. மாமாவைக் காலையும் மாலையும் நச்சரித்தேன். அவரும் அதே தவிப்பில்தான் இருந்தார்.

எங்களுக்கு வாய்த்த மெக்கானிக் அண்ணாச்சி டவுனில் பெரிய ஆள். எதைக் கேட்டாலும் பதிலைக் கையில் வைத்திருப்பார். கார்புரேட்டரைக் கழற்றி, அதன் அடிக்கிண்ணத்தைக் கவிழ்த்தார். உள்ளங்கையில் மை மாதிரி கொஞ்சம் கறுப்பு மண்டி விழுந்தது.

"இதான் ஆளு. நம்ம கரிசத் தூசி. பெட்ரோல் போற வழியில அடைச்சிருக்கு" என்றார்.

பில்டரை மாற்றினார், குழாயை ஊதிச் சுத்தம் செய்தார். நான் தெருத் தெருவாக ஓடி, கரிசல் தூசிதான் காரணம் என்று சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர், "அந்தத் தூசி அன்னைக்கு மட்டும்தான் இருந்துச்சாக்கும்" என்றார்கள்.

மாமா அவசரப்பட்டார். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு, குளத்தூருக்கே போய் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினார். டவுன் பங்கில் கழுத்து வரை பெட்ரோல் போட்டு, தங்க மூடியை இறுகத் திருகினார்கள். எட்டயபுரம் தாண்டியதும் கார் இருமியது. அந்த இருமல் எனக்குத் தெரியும். அழுகையே வந்துவிட்டது. கருவேலமரம் தவிர வேறு நிழல் இல்லாத இடத்தில் நின்றுபோனோம். மாமா எஞ்சினைத் திறந்து, பெட்ரோலை உறிஞ்சித் தள்ளுகிற பம்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். கொதித்தது. தன் துண்டை நனைத்து அதன்மேல் சுற்றினார். வெகுநேரம் கழித்து கார் கிளம்பியது. குளத்தூருக்குப் போகாமல் ஊருக்குத் திரும்பினோம். சமாதானம் பேசப்போன காரும் பாதி வழியில் நின்றது என்ற செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்து உட்கார்ந்திருந்தது. எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மெக்கானிக் அண்ணாச்சியிடம் அடுத்த பதிலும் தயாராக இருந்தது. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது, பம்பும் வயசானது என்றார். பம்புக்குள் இருந்த ரப்பர் தகட்டை மாற்றினார். குழாய்க்குச் சணல் சுற்றினார். "இனி நிக்காது" என்றார். மாமாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. வாசலில் காரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது சித்தி வெளியே வந்தாள். அந்த நாட்களில் அவள் அதிகம் பேசவில்லை. மில்லுக்கும் போகவில்லை.

"அண்ணே, அன்னைக்கு ஓட்டின மாதிரியே ஓட்டிப் பாத்தியளா?" என்று கேட்டாள்.

மாமாவுக்குப் புரியவில்லை. சித்தி பொறுமையாகச் சொன்னாள். அன்று கழுத்து வரை பெட்ரோல் இருந்தது, மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போனது, சாயங்கால வெயில். எல்லாவற்றையும் அதே மாதிரி வைத்து ஓட்ட வேண்டும். நின்றால் அந்த இடத்திலேயே, உடனேயே பார்க்க வேண்டும்.

"மேளத்துக்கு எங்க போறது?" என்றார் மாமா.

"நான் முன்னாடி நடக்கேன். என்னயக் கண்டுதானே நிக்குதுங்காவ? நானும் அங்கன இருந்தாத்தான் கணக்குச் சரியா வரும்."

அம்மா வேண்டாம் என்று தடுத்தாள். ஊர் இன்னும் என்ன பேசுமோ என்று பயந்தாள். சித்தி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டு மூடியை இறுக்கினார் மாமா. மெக்கானிக் அண்ணாச்சி பின்சீட்டில், மாப்பிள்ளை உட்காருகிற இடத்தில், சாமான் பையோடு உட்கார்ந்தார். நான் என் பழைய இடத்தில். பசுவந்தனை ரோட்டிலிருந்து பிரிகிற வண்டிப்பாதையில் ஊர்வலம் கிளம்பியது. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த கரிசல் காடு, கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. சித்தி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தாள். மேளக்காரர்கள் நடக்கிற அதே நடை. நாலு எட்டு வைத்து நிற்பாள், திரும்பிப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். காட்டில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு வரப்புக்கு வந்தார்.

"என்ன தாயி, காருக்கு முன்னாடி நடக்க?"

"மேளக்காரவிய வரல அண்ணாச்சி. இன்னைக்கு நாந்தான் மேளம்" என்றாள் சித்தி.

கல்யாணம் நின்ற பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. மாமா சிரிக்கவில்லை. அவர் கவனம் முழுக்க எஞ்சின் சத்தத்தில் இருந்தது.

வெகுதூரம் போனோம். நிற்காதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கார் நிற்கக் கூடாதே என்று பயந்த காலம் போய், நிற்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளையார் மனசு வைத்தார். கார் இருமியது. மறுபடி இருமியது. நின்றது.

சித்தி திரும்பி வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

மெக்கானிக் அண்ணாச்சி குதித்து இறங்கினார். முதலில் பம்பைத் தொட்டார். சணல் சுற்றியிருந்ததால் அவ்வளவு சூடு இல்லை. கார்புரேட்டருக்கு வருகிற குழாயைப் பிடுங்கி, மாமாவைச் சாவியைத் திருப்பச் சொன்னார். குழாயிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. புது ரப்பர் போட்ட பம்பு. அதற்கு இந்தப் பக்கம் குறை இல்லை என்றால், அந்தப் பக்கம் டாங்கிலிருந்து வருகிற வழியில்தான் கோளாறு. டாங்கிலிருந்து வரும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றினார். குனிந்து, அதை வாயில் வைத்து உறிஞ்சினார். கன்னம் ஒட்டிப்போகும் வரை உறிஞ்சியும் எதுவும் வரவில்லை.

"டாங்குல பெட்ரோல் இருக்காய்யா இல்லையா?" என்று கத்திவிட்டு, மறுபடியும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார்.

மாமா தங்க மூடியைத் திருகினார்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். சோடா பாட்டில் திறந்த மாதிரி இல்லை. வெளியே வரும் சத்தம் இல்லை அது. மூச்சு முட்டிக் கிடந்த ஒருவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிற சத்தம். மண்டபத்து ஊர்வலத்தில் இரண்டு தடவை அந்த மூடியைத் திறந்திருந்தார்கள். இரண்டு தடவையும் இந்தச் சத்தம் வந்திருக்கத்தான் வேண்டும். மேளமும் வேட்டும் நாதஸ்வரமும் சேர்ந்து அடித்த அடியில் யாருக்குக் கேட்டிருக்கும்? ஆள் இல்லாத இந்தக் காட்டில் நாலு பேருக்கும் கேட்டது.

அதே நொடியில் குழாயில் பெட்ரோல் பாய்ந்து மெக்கானிக் அண்ணாச்சியின் வாய் நிறைந்தது. அவர் துப்பினார், இருமினார், மண்ணில் உட்கார்ந்துகொண்டு மறுபடி துப்பினார். சித்தி ஓடிப்போய்க் காரில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் சொன்ன முதல் சொல், "அந்த மூடியக் கொண்டாங்க" என்பதுதான்.

மூடியைச் சூரியனுக்கு எதிரே பிடித்து விரலால் தடவினார். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும் என்றார். டாங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று போக வேண்டும். காற்று போக வழி இல்லையென்றால் பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் ஊற்றாமல் நின்றுபோகிற மாதிரிதான். டாங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றே கொஞ்சம்தான், அதனால் சீக்கிரமே நின்றுவிடும். மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். மறுநாள் கார் ஓடியதும் மூடி பாதித் திருகலில் கிடந்ததால்தான். எட்டயபுரம் ரோட்டில் ஈரத்துணி ஒன்றும் செய்யவில்லை. காத்துக் கிடந்த நேரத்தில் மூடியின் இடுக்கு வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே போயிருக்கிறது.

சித்தி தன் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அண்ணாச்சி குத்தினார். தங்கநிறப் பெயிண்ட் பொருக்கு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதற்கடியில் துளை இருந்தது.

மாமா அந்தப் பொருக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தரம் பூசிய கை அவருடையது. சித்தி அவர் பக்கத்தில் வந்தாள். "சரி விடுங்கண்ணே, அழகுக்குத்தானே செஞ்சிய" என்றாள். திரும்பும்போது அவளும் காரில் ஏறிக்கொண்டாள். மூடியை இறுக மூடி, அதே நடை வேகத்தில் வீடு வரை வந்தோம். கார் ஒரு தடவைகூட இருமவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வெற்றி. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். மாமாவும் மெக்கானிக் அண்ணாச்சியும் நானும் குளத்தூருக்குப் போனோம். இந்தத் தடவை கார் நிற்கவில்லை. அவர்கள் தெருவில் வைத்து, துளையைச் சோப்பால் அடைத்து, மாப்பிள்ளையின் அப்பாவை முன்சீட்டில் ஏற்றி, மாமா தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தார். கார் இருமி நின்றது. மாப்பிள்ளையின் அக்காவை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து மூடிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்றது. சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. தெருவே கைதட்டியது.

மாப்பிள்ளையின் அப்பா உப்பளத்தில் பம்புசெட்டோடு புழங்கியவர். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"சரிதான்யா. காருலதான் கொறை இருந்திருக்கு, ஒத்துக்கிடுதேன். நீங்க நாளக் குறிங்க" என்றார்.

எங்களுக்குக் காப்பியும் காரச்சீவலும் கொடுத்தார்கள். அந்த அக்கா என் தாடையைத் தொட்டு, கெட்டிக்காரப் பிள்ளை என்றாள். மாப்பிள்ளை கதவோரம் நின்று சிரித்தார். கொறை காரில்தான் என்று சொன்னார்களே தவிர, சொன்ன சொல்லுக்கு வருத்தம் என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. நான் இரண்டாவது தடவை சீவல் வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு ஓடினேன். "சித்தி, ஒத்துக்கிட்டாவ! கல்யாணம்!"

அம்மா சாமி படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். மாமா நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம்ணே" என்றாள்.

மாமாவுக்கு முகம் சிவந்தது. நாய் மாதிரி அலைந்து கண்டுபிடித்து, ஊர் ஊராகப் போய் நிரூபித்துவிட்டு வந்தால் இப்படியா பேசுவது என்று கத்தினார். சித்தி குரலை உயர்த்தவில்லை.

"கார்ல கொறைன்னு காட்டிட்டீங்க, கூட்டிட்டுப் போறாவ. சரி. நாளைக்கு அங்கன ஒரு மாடு செத்துப்போனா, உப்பு வெளையாமப் போனா, அப்ப எந்த மூடியத் தொறந்து காட்டுவீங்க?"

அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபம் எல்லார் கோபத்தையும் விடப் பெரிது. அந்த வெயிலில் நான் பட்ட பாடு, பார்த்த ஏளனம், அந்த அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்த வீரம், எல்லாவற்றையும் ஒரே பேச்சில் குப்பையில் கொட்டிவிட்டாள் சித்தி. அவளுக்காகத்தானே எல்லாம்! அவள் பின்கட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"வேண்டாம்னா அப்ப எதுக்குக் காருக்கு முன்னாடி வெயில்ல நடந்த? அவியகிட்ட காட்டத்தானே?" என்று கேட்டேன்.

சித்தி தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அவிய நம்புறதுக்கு இல்லட்டி. எனக்குத் தெரியணும்லா" என்றாள்.

சொல்லிவிட்டு அழுதாள். கல்யாணம் நின்ற அன்றைக்கு அழாதவள், கார் நின்ற காட்டில் அழாதவள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதாள்.

அந்த நாட்கள் முழுக்க, மாப்பிள்ளையின் அக்கா சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்று அந்த வீட்டில் ஒருத்தி தனியாகப் பயந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கார் ஏன் நின்றது என்று தெரிய வேண்டும் என்கிறாள், அது இன்னும் சரியாக விளங்காமல்தான் அழுகிறாள் போல என்று நினைத்தேன். அவள் கையை விலக்கிவிட்டு எழுந்து நின்று, "கேளு சித்தி, டாங்குல பெட்ரோல் கொறைஞ்சா அந்த எடத்துக்குக் காத்துப் போகணும்" என்று முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன்.